முழு முயற்சி போடாத வீரரை டென்னிஸ் நடுவர் கண்டிக்கலாமா?

கேள்வி இதுதான்: ஆடுகளத்தில் ஒரு டென்னிஸ் வீரர் மனம் வைத்து ஆடவில்லை என்று பார்க்கிற எல்லோருக்கும் தோன்றுகிறது. நாற்காலியில் இருக்கும் நடுவர் அவரைக் கூப்பிட்டு, "ஒழுங்காக ஆடுங்கள்" என்று சொல்லலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதியை மீறும் செயல் கண்ணெதிரே நடந்தால் நடுவர் எச்சரிக்கை கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் குறை சொல்வது, புத்தி சொல்வது, தட்டிக் கொடுப்பது இவையெல்லாம் அவர் வேலை இல்லை. வலைக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் காரணம். இந்த விவாதம் எங்கே நடந்தாலும் அந்த இன்னொருவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபியின் நடத்தை விதிகளில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆட்டத்தில் இறங்கிய வீரர் தன் முழு முயற்சியையும் போட வேண்டும், போடாவிட்டால் அபராதம் என்கிறது அது. ஆட்டம் நடக்கும்போதே தண்டிக்கிற அதிகாரமும் நடுவருக்கு உண்டு. முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை ஒரு பாயிண்ட் போகும், அதற்கடுத்து ஒரு கேமே போகும் (பல பாயிண்டுகள் சேர்ந்தது ஒரு கேம், பல கேம்கள் சேர்ந்தது ஒரு செட்). கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளிலும் இதே போன்ற விதி இருக்கிறது. ஆகவே "பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்த்தால் போதாதா, இதில் நடுவருக்கு என்ன வேலை?" என்று கேட்பது சரியில்லை. அதிகாரம் இருக்கிறது. எதைப் பார்த்து அதைப் பயன்படுத்துவது என்பதில்தான் சிக்கல்.

ராக்கெட்டை உடைத்தால் உடைந்த ராக்கெட் தரையில் கிடக்கும். கெட்ட வார்த்தை பேசினால் மைக்கில் பதிவாகும். முயற்சி அப்படிப்பட்டதல்ல. அது வீரரின் உடம்புக்குள்ளும் மனதுக்குள்ளும் நடப்பது. நாற்காலியிலிருந்து நடுவர் பார்ப்பது அதன் நிழலைத்தான்.

இதில் எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வருவது நிக்கோலாய் டேவிடென்கோவின் கதை. 2007 அக்டோபரில், அவர் உலகின் நான்காம் நிலை வீரராக இருந்த நேரம், சொந்த நாடான ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போட்டியில் மரின் சிலிச்சோடு ஆடினார். சிலிச் அப்போது இளம் வீரர், பெரிய பெயர் இல்லை. முதல் செட் 6-1 என்று டேவிடென்கோவுக்குச் சுலபமாக வந்தது. இரண்டாவது 5-7 என்று போனது. மூன்றாவது செட்டில் ஆட்டமே கையை விட்டுப் போனது. டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வீஸும் தவறிப் பாயிண்ட் போவது) மேல் டபுள் ஃபால்ட். பெல்ஜியத்தைச் சேர்ந்த நடுவர் ஜான் ஃபிலிப் டெர்க், முழு முயற்சி போடவில்லை என்று அவருக்கு எச்சரிக்கை கொடுத்தார். செட் 1-6 என்று முடிந்தது. பிறகு ஏடிபி 2,000 டாலர் அபராதமும் போட்டது. அந்த எச்சரிக்கை தன்னை உலுக்கிவிட்டது, சீசன் கடைசியில் கால்கள் ஓய்ந்துபோயிருந்தன என்றார் டேவிடென்கோ.

அடுத்த சில நாட்களிலேயே பாரிஸ் போட்டி. எதிரே மார்கோஸ் பக்தாதிஸ். டேவிடென்கோ 2-6, 2-6 என்று தோற்றார். மொத்தம் 10 டபுள் ஃபால்ட். இந்தத் தடவை நடுவர் செட்ரிக் மூரியே அவரிடம் சர்வீஸைப் பற்றியே பேசினார், பந்தை உள்ளே போடப் பாருங்கள் என்கிற விதமாக. உலகின் நான்காம் நிலை வீரரிடம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சர்வீஸ் போடுவதைப் பற்றிப் பேசுகிறார். அந்த இடத்தில் நடுவர் நடுவராக இல்லை. கோச்சாகவும் வாத்தியாராகவும் ஆகிவிட்டார்.

இரண்டு நடுவர்களும் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்று புரிந்துகொள்ள அந்த வருடம் ஆகஸ்ட் மாதத்துக்குப் போக வேண்டும். போலந்தின் சோபோட் நகரில், நடப்புச் சாம்பியனான டேவிடென்கோ, மார்டின் வஸ்ஸாலோ அர்குவெயோ என்ற அர்ஜென்டினா வீரரோடு ஆடினார். முதல் செட்டை அவர் ஜெயித்த பிறகும் பந்தயப் பணம் அர்குவெயோ பக்கமே குவிந்தது. மூன்றாவது செட்டில் கால் வலி என்று டேவிடென்கோ விலகினார். அந்த ஒரு ஆட்டத்தின் மீது சுமார் 70 லட்சம் டாலர் பந்தயம் கட்டப்பட்டிருந்தது. வழக்கமாக அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு வருவதைப் போலப் பத்து மடங்கு. பந்தயம் நடத்திய பெட்ஃபேர் நிறுவனம் எல்லாப் பந்தயங்களையும் ரத்து செய்தது. விசாரணை தொடங்கியது. அதிலிருந்து அவர் ஒரு பந்தை வலையில் அடித்தால்கூட எல்லோரும் ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார்கள். நடுவர்களும் மனிதர்கள்தானே, அந்தப் பேச்சு அவர்கள் காதிலும் விழுந்திருக்கும்.

அப்புறம் என்ன நடந்தது? மேல்முறையீட்டில் அந்த 2,000 டாலர் அபராதம் ரத்தானது. 2008 செப்டம்பரில் சோபோட் விசாரணையும், அவர் தவறு செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று முடிந்தது. 2009 இறுதியில் லண்டனில் அவர் ஆண்டிறுதிச் சாம்பியன் பட்டம் வென்றார். ஆனால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், சொந்த நாட்டு ரசிகர்களுக்கு முன்னால், "இவர் முயற்சி செய்யவில்லை" என்று மைக்கில் ஒலித்ததை எந்த மேல்முறையீட்டாலும் திரும்பப் பெற முடியாது. வருடம் முழுக்க, மற்ற முன்னணி வீரர்களைவிட அதிகமான போட்டிகளில் ஓடி ஓடி ஆடிக்கொண்டிருந்த மனிதர் அவர். அக்டோபரில் கால் ஓய்ந்துபோவது அவ்வளவு நம்ப முடியாத விஷயமா?

ஸ்கோரை வைத்து முயற்சியை அளக்க முடியாது என்பதற்கு இன்னும் உதாரணங்கள் உண்டு. 2014ல் மயாமியில் பெர்னார்ட் டோமிச், ஜார்க்கோ நியமினனிடம் 0-6, 1-6 என்று 28 நிமிடத்தில் தோற்றார். ஏடிபி பதிவுகளிலேயே மிகக் குறுகிய முழு ஆட்டம் அது. டோமிச் பெயரைக் கேட்டதும் பலர் "வேண்டுமென்றே விட்டிருப்பார்" என்பார்கள். ஆனால் அவர் இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

அன்னா தாதிஷ்விலியின் கதை இன்னும் வருத்தமானது. கணுக்கால் காயத்தால் நீண்ட காலம் ஆடாமல் இருந்துவிட்டு 2019 பிரெஞ்சு ஓபனில் இறங்கினார். மரியா சக்காரியிடம் 0-6, 1-6 என்று 55 நிமிடத்தில் தோற்றார். முதல் சுற்றில் தொழில்முறைத் தரத்துக்கு ஆடவில்லை என்று சொல்லி, அவருக்குச் சேர வேண்டிய 46,000 யூரோ பரிசுப் பணம் முழுவதையும் அபராதமாக எடுத்துக்கொண்டார்கள். 2018ல் கிராண்ட்ஸ்லாம்களில் கொண்டுவந்த முதல் சுற்று விதி அது. காயத்தோடு வந்து, பெயருக்கு இறங்கி, பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்களைத் தடுப்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் தாதிஷ்விலி மேல்முறையீடு செய்தார், பணம் திரும்பக் கிடைத்தது. வீடியோவைப் போட்டுப் பார்த்து, நிதானமாக உட்கார்ந்து யோசித்து எடுக்கும் முடிவே இப்படித் தவறிப்போகிறது. நடுவருக்குக் கிடைப்பது இரண்டு பாயிண்டுக்கு இடையிலான சில விநாடிகள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டென்னிஸில் எல்லாப் பந்தையும் துரத்துவது புத்திசாலித்தனமும் இல்லை. எதிராளியின் சர்வீஸில் 40-0, அதாவது கேமை எடுக்க அவருக்கு ஒரு பாயிண்ட்தான் பாக்கி என்று இருக்கும்போது அந்த கேமை விட்டுவிட்டு அடுத்த கேமுக்கு மூச்சைச் சேமிப்பவர்கள் நிறையப் பேர். 0-5 என்று பின்தங்கிய செட்டைக் கைகழுவிவிட்டு அடுத்த செட்டைப் புதிதாகத் தொடங்குவதும் வழக்கம்தான். வீரர்கள் மொழியில் டேங்கிங், அதாவது வேண்டுமென்றே ஆட்டத்தை விடுவது, என்பது இந்த இடத்தில்தான் மங்கலாகிறது. ஐந்து செட் ஆட்டத்தில் இரண்டாவது செட்டை விடுவது தந்திரமா, சோம்பலா? ஆட்டம் முடிந்த பிறகே பல நேரம் அது தெரியும்.

சரி, அப்படியானால் நடுவர் எதுவுமே செய்ய முடியாதா? முடியும். 2016 ஷாங்காய் மாஸ்டர்ஸ் நல்ல உதாரணம். அதற்கு முந்தைய வாரம்தான் டோக்கியோவில் பட்டம் வென்றிருந்தார் நிக் கிர்கியோஸ். ஷாங்காயில் மிஷா ஸ்வெரெவோடு ஆடும்போது ஒரு சர்வீஸை, குழந்தைக்குப் பந்து போடுவதுபோல் மெதுவாகத் தட்டிவிட்டு, அந்தப் பந்து திரும்பி வருவதற்குள் தன் நாற்காலியை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். இதைப் பார்க்க அவர் மனதுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது, ஆடுபவர் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார். இது செயல். 48 நிமிடத்தில் 3-6, 1-6 என்று எல்லாம் முடிந்தது. ஏடிபி முதலில் 16,500 டாலர் அபராதம் போட்டது. அதில் 10,000 முழு முயற்சி போடாததற்கு. பிறகு இன்னும் 25,000 டாலரும் எட்டு வாரத் தடையும் வந்தன. மனநல நிபுணரைப் பார்க்கச் சம்மதித்தால் தடை மூன்று வாரமாகக் குறையும் என்றார்கள்.

அந்த ஆட்டத்தின் நடுவர் அலி நிலி, இப்படி ஆடக் கூடாது, இது தொழில்முறைப் போட்டி, தொழில்முறையாக நடந்துகொள்ள வேண்டும் என்று கிர்கியோஸிடம் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. ஆனாலும் அந்தப் பேச்சுக்குப் பதில் முறைப்படியான எச்சரிக்கை ஒன்றை அறிவித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு இருக்கிறது: மறுபடி செய்தால் பாயிண்ட் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அறிவுரைக்குப் பின்னால் எதுவும் இல்லை. வீரர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம்.

நடுவர்கள் ஏன் மெதுவாகப் பேசிப் பார்க்க விரும்புகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆட்டம் கெட்டுவிடக் கூடாது, டிக்கெட் வாங்கி வந்தவர்கள் ஏமாறக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2018 அமெரிக்க ஓபன் காட்டியது.

ஆகஸ்ட் 30, 17ஆம் எண் களம், இரண்டாம் சுற்று. ஒரு பக்கம் கிர்கியோஸ், இன்னொரு பக்கம் பிரான்ஸின் பியர் ஊக் எர்பேர். முதல் செட் 6-4 என்று எர்பேருக்கு. இரண்டாவதில் அவர் 3-0 முன்னிலை. கிர்கியோஸ் சர்வீஸைத் திருப்பி அடிக்கக்கூட அக்கறை காட்டாமல் நின்றார். பக்கம் மாறும் இடைவேளை வந்தது. நடுவர் மொஹமத் லஹியானி நாற்காலியை விட்டு இறங்கி வந்தார். கைகளை முழங்கால்களில் ஊன்றிக் குனிந்து, உட்கார்ந்திருந்த கிர்கியோஸின் முகத்துக்கு நேராகப் பேசினார். உனக்கு உதவ நினைக்கிறேன், இது டென்னிஸுக்கு நல்லதில்லை, நீ இப்படிப்பட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஒரு பெரியப்பா தம்பி மகனிடம் பேசுவதுபோல அவ்வளவு கனிவாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்த 25 கேம்களில் 19ஐ கிர்கியோஸ் ஜெயித்தார். 4-6, 7-6, 6-3, 6-0. அந்தப் பேச்சால்தான் ஜெயித்தேன் என்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கலாம். ஆனால் கேமராவை ஒரு நிமிடம் அடுத்த நாற்காலிக்குத் திருப்பிப் பாருங்கள். அங்கே எர்பேர் இருக்கிறார். நன்றாக ஆடி ஒரு செட்டும் மூன்று கேமும் முன்னே நிற்கிறார். சில அடி தூரத்தில், ஆட்டத்தைச் சமமாக நடத்த வேண்டியவர் அவருடைய எதிராளிக்கு முன்னால் குனிந்து தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான்காவது செட்டில் எர்பேருக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை. அப்போது யாரும் இறங்கி வந்து, "நீ இப்படிப்பட்டவன் இல்லை" என்று அவரிடம் சொல்லவில்லை.

போட்டி நிர்வாகம் முதலில் சமாளித்தது. சத்தம் அதிகமாக இருந்ததால் இறங்கினார், வீரருக்கு மருத்துவ உதவி வேண்டுமோ என்று பார்த்தார் என்றெல்லாம் விளக்கம் வந்தது. மறுநாள், அவர் வரம்பை மீறிவிட்டார் என்று ஒத்துக்கொண்டார்கள். நடுவர் இறங்கி வந்து அப்படிப் பேசுவது அவர் வேலை இல்லை, ஒரு உரையாடல் ஒருவரின் மனநிலையையே மாற்றிவிடும் என்று ரோஜர் ஃபெடரரும் சொன்னார். பிறகு ஏடிபி, பெய்ஜிங், ஷாங்காய் ஆகிய இரண்டு போட்டிகளுக்குச் சம்பளமில்லாமல் லஹியானியை ஒதுக்கி வைத்தது. இத்தனைக்கும் அவர் சாதாரண நடுவர் இல்லை. 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹூவும் மூன்று நாள், 11 மணி 5 நிமிடம் ஆடிய ஆட்டத்தில் நாற்காலியில் இருந்தவர் அவர்தான். வீரர்கள் மிகவும் விரும்பும் நடுவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவரையே அந்த ஒரு நிமிட இரக்கம் சறுக்க வைத்தது.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்பு ஜூனியர் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் அரையிறுதி. ஒரு பையன் முதல் செட்டை 6-2 என்று எடுத்தான். இரண்டாவதில் திடீரென்று பந்தைத் துரத்துவதையே நிறுத்திவிட்டான். 1-4. பக்கம் மாறும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "என்ன தம்பி, இவ்வளவு நல்லா ஆடிட்டு இப்ப ஏன் இப்படி? கொஞ்சம் கால எடுத்து வெச்சு ஆடு" என்றேன். அவன் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே தலையாட்டினான். அடுத்த ஐந்து கேமும் அவனுக்கு. 6-2, 6-4.

நான் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தோற்ற பையனின் அம்மா அவனுடைய துண்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். சண்டைக்கு வரவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்: "சார், ஃபர்ஸ்ட் செட்ல என் பையன் ஒண்ணும் முடியாம நின்னான். அப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையே?" எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பையன் பக்கத்தில் நின்று ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெயித்தவன் நடுவில் ஏன் அப்படி ஆடினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சரி, சூதாட்டச் சந்தேகம் இருந்தால்? அப்போதும் நடுவர் வாய் மூடி இருக்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் இன்னும் அதிகமாக வாய் மூடி இருக்க வேண்டும். விலைபோன வீரரிடம் "ஒழுங்காக ஆடு" என்று சொன்னால் அவர் இன்னும் நம்பும்படியாகத் தோற்றுக் காட்டுவார், அவ்வளவுதான். விலைபோகாதவரிடம் சொன்னால், டேவிடென்கோவுக்கு நடந்ததுதான் நடக்கும். எந்த கேம், எந்த ஸ்கோர், என்ன செய்தார் என்று குறித்துவைத்து ஆட்டம் முடிந்ததும், போட்டியை மேற்பார்வையிடும் சூப்பர்வைசரிடம் கொடுப்பதுதான் நடுவர் செய்யக்கூடியது. பந்தயப் பணம் எங்கிருந்து வந்தது, யாருடைய போனில் என்ன இருக்கிறது என்று தோண்ட 2008ல் தனிப் பிரிவே தொடங்கினார்கள். இன்று அது தனி அமைப்பாகவே இயங்குகிறது. அந்த வேலையை நாற்காலியில் உட்கார்ந்து செய்ய முடியாது.

வெளிப்படையாக, இரண்டு தரப்புமே விட்டுக்கொடுக்கிற ஆட்டம் என்றால் வேறு. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் பாட்மின்டனில், அடுத்த சுற்றுகளில் வசதியான எதிராளி கிடைக்க வேண்டும் என்று பெண்கள் இரட்டையர் ஆட்டங்களில் சர்வீஸையே வலையில் அடித்தார்கள். அரங்கமே கூச்சல் போட்டது. தலைமை நடுவர் களத்துக்குள் வந்து எச்சரித்தார். மறுநாள் சீனா, இந்தோனேசியா, தென்கொரியா அணிகளைச் சேர்ந்த நான்கு ஜோடிகளைப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். அங்கே தலையிட்டதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. களத்தில் இருந்த இரண்டு பக்கமும் தோற்கப் போட்டி போட்டதால், அந்தப் பேச்சால் யாருக்கும் அநியாயம் நடக்கவில்லை.

கிர்கியோஸ் விஷயத்தில் பின்னால் தெரிந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2022ல் அவர், 2019 வாக்கில் தான் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததையும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டதையும் வெளிப்படையாக எழுதினார். அந்தக் காலத்தில் அவர் ஆடியதைப் பார்த்து "திமிர்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். களத்தில் ஆர்வமில்லாமல் நிற்கிற ஒருவருக்குள் என்ன ஓடுகிறது என்பதைப் பத்தடி உயரத்திலிருந்து தீர்ப்புச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது கோட்டுத் தீர்ப்பெல்லாம் கேமராவிடம் போய்விட்டது. 2025லிருந்து ஏடிபி போட்டிகளிலும் விம்பிள்டனிலும் கோட்டு நடுவர்களே இல்லை. நாற்காலி நடுவருக்கு மிச்சமிருக்கும் பெரிய வேலை வீரர்களின் நடத்தையைக் கையாள்வதுதான். அதனால் பேசத் தூண்டும் சந்தர்ப்பங்கள் இனி கூடும் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு 17ஆம் எண் களத்தில் லஹியானி என்ன செய்திருக்கலாம்? நாற்காலியிலேயே இருந்திருக்கலாம். உடம்பு சரியில்லையோ என்ற கவலை உண்மையாகவே இருந்திருந்தால், "ஃபிசியோவைக் கூப்பிடவா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதை எர்பேரிடமும் எந்த நேரத்திலும் கேட்க முடியும். சூப்பர்வைசரை களத்துக்கு வரச் சொல்லியிருக்கலாம். அடுத்த கேமிலும் கிர்கியோஸ் சர்வீஸுக்கு அசையாமல் நின்றால், எல்லோருக்கும் கேட்கும்படி மைக்கில் கோட் வயலேஷன் (நடத்தை விதி மீறல்) என்று ஒரு வரி அறிவித்துவிட்டு, அதே குரலில் ஸ்கோரைச் சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கலாம்.